கைப்பேசிக் கண்ணாடி ஏன் உடைகிறது?

கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் கண்ணாடித் தகட்டின் மேல் மரக்கோல் ஒன்றை வைக்கிறார். வைர முனையோ சிறு எஃகுச் சக்கரமோ பொருத்திய கருவியால் கோலை ஒட்டி ஒரே ஒரு கோடு இழுக்கிறார். பிறகு கோட்டின் இரு புறமும் பிடித்து இலேசாக வளைக்கிறார். 'டக்' என்ற ஒலியுடன் கண்ணாடி அந்தக் கோட்டின் வழியே இரண்டாகப் பிரிகிறது.

அவர் கண்ணாடியை வெட்டவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? மேற்பரப்பில் ஒரு கீறல் போட்டார், அவ்வளவுதான். மீதி வேலையைக் கண்ணாடியே செய்துகொண்டது.

கைப்பேசி தவறிக் கீழே விழுந்து அதன் முகப்பு சிலந்தி வலையைப் போல விரிசலிடும்போதும் நடப்பது ஏறக்குறைய இதுவே. பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளத்துக்கும் அதிகமான விலை கொடுத்து, சில வீடுகளில் தவணை முறையில், வாங்கிய கருவி அது. அம்மாவின் பணப் பரிமாற்றம், அப்பாவின் வேலை, உங்கள் பாடம் எல்லாம் அதன் வழியாகவே நடக்கின்றன. அத்தனையும் அரை மில்லிமீட்டரை ஒட்டிய தடிப்புள்ள ஒரு கண்ணாடித் தகட்டை நம்பி இருக்கின்றன. அந்தத் தகடு எதனால் வலிமை பெறுகிறது, எதனால் அதை இழக்கிறது என்று தெரிந்துகொண்டால், அதைக் காப்பாற்றும் வழியும் தானே விளங்கிவிடும்.

கண்ணாடியின் வலிமை எங்கே போயிற்று?

கண்ணாடியின் முக்கிய மூலப்பொருள் மணலில் உள்ள சிலிக்கா. சிலிக்கான் அணுக்களும் ஆக்சிஜன் அணுக்களும் ஒன்றையொன்று மிக வலுவாகப் பற்றிக்கொண்டு இதில் ஒரு வலைப்பின்னலாக அமைந்துள்ளன. இந்தப் பிணைப்புகளின் வலிமையைக் கணக்கிட்டால், கண்ணாடி எஃகையே மிஞ்ச வேண்டும். ஆனால் நடைமுறையில் சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தக் கணக்கில் நூற்றில் ஒரு பங்கு வலிமையைக்கூடக் காட்டுவதில்லை. மீதி வலிமை எங்கே போயிற்று?

இந்தப் புதிருக்கு விடை கண்டவர் ஆலன் ஆர்னால்டு கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியல் அறிஞர். விமான ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற ஃபார்ன்பரோவில் பணியாற்றிய அவர், 1920-ஆம் ஆண்டு தம் ஆய்வுகளை வெளியிட்டார். கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்து, ஒவ்வோர் இழையும் எவ்வளவு விசையில் அறுகிறது என்று அவர் அளந்தார். இழை மெல்லியதாக ஆக ஆக, ஒரே அளவு குறுக்குப் பரப்புக்கு அது தாங்கும் சுமை கூடிக்கொண்டே போயிற்று. சில மைக்ரான் தடிப்பே உள்ள இழை, சாதாரணக் கண்ணாடியைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு வலிமை காட்டியது. (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.)

இதிலிருந்து அவர் கண்ட உண்மை இது: கண்ணாடி வலிமையானதுதான். ஆனால் அதன் மேற்பரப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பிளவுகள் இருக்கின்றன. கண்ணாடி உடைவது அவற்றால்தான். மிக மெல்லிய, புதிதாக இழுக்கப்பட்ட இழையில் பெரிய பிளவுக்கு இடமே இல்லை. ஆகவே அது வலிமையாக இருக்கிறது.

ஒரு பிளவின் கணக்கு

இவ்வளவு சிறிய பிளவு எப்படி அவ்வளவு பெரிய தீங்கு செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். ஷாம்புப் பொட்டலத்தை நினைத்துப் பாருங்கள். நேராக இழுத்தால் அது எளிதில் கிழிவதில்லை. ஓரத்தில் சிறு வெட்டு இருந்தால் இலேசாக இழுத்ததும் கிழிந்துவிடுகிறது. தாளின் முழு அகலமும் பங்கிட்டுத் தாங்க வேண்டிய இழுவிசை, வெட்டின் கூர்நுனியில் வந்து குவிவதே காரணம்.

இந்தக் குவிப்பு எவ்வளவு என்பதை 1913-ஆம் ஆண்டிலேயே சார்லஸ் இங்கிலிஸ் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். பிளவின் ஆழத்தை அதன் நுனியின் ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் நுனியில் தகைவு எத்தனை மடங்காகிறது என்பது கிடைக்கும். தகைவு என்பது ஓரலகுப் பரப்பின் மேல் செயல்படும் விசை என்பதை இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

கண்ணாடியில் 10 மைக்ரான் ஆழமுள்ள ஒரு பிளவு இருப்பதாகக் கொள்வோம். அதன் நுனி மிகக் கூரியது. அதன் ஆரம் 1 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 மைக்ரான் என்பது 10,000 நானோமீட்டர். 10,000-இன் வர்க்கமூலம் 100. அதை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 201. அதாவது, தகட்டின் மற்ற இடங்களில் உள்ளதைப்போல் 201 மடங்கு தகைவு அந்த நுனியில் செயல்படுகிறது. அங்குள்ள அணுப்பிணைப்பு அறுகிறது; அடுத்த பிணைப்பு அதே சுமைக்கு ஆளாகிறது; அதுவும் அறுகிறது. விரிசல் ஓடத் தொடங்கிவிடுகிறது.

இரும்பிலும் செம்பிலும் பிளவுகள் உண்டு. ஆனால் உலோகத்தில் அணு அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி நகரக்கூடியவை. ஆகவே பிளவின் கூர்நுனி மழுங்கிவிடுகிறது. உலோகம் நசுங்குகிறது அல்லது வளைகிறது. கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாக இல்லை. வழுக்கி நகர அவற்றுக்கு வழியில்லை. நுனி கூராகவே இருக்கிறது. கண்ணாடி நொறுங்குவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

அமுக்கிப் பிடித்தால் பிளவு திறக்காது

பிளவே இல்லாத கண்ணாடியை நாளெல்லாம் கையில் வைத்துப் புழங்க முடியாது. அப்படியானால் பிளவு இருந்தும் அது திறக்காதபடி செய்ய முடியுமா? முடியும்.

மேசையில் பத்துப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரு ஓரங்களிலும் உள்ளங்கைகளால் நன்றாக அமுக்கி, மொத்தமாகத் தூக்கிப் பாருங்கள். புத்தகங்களை எதுவும் ஒட்டவில்லை. இருந்தும் அமுக்கம் உள்ளவரை நடுவில் இடைவெளி விழுவதில்லை. அவ்வாறே கண்ணாடியின் மேற்பரப்பு எப்போதும் பக்கவாட்டில் அமுக்கப்பட்ட நிலையில் இருந்தால், வெளியிலிருந்து வரும் இழுவிசை முதலில் அந்த அமுக்கத்தை வென்ற பிறகே பிளவைத் திறக்க முடியும்.

இதற்கு வேடிக்கையான சான்று ஒன்று உண்டு. உருகிய கண்ணாடித் துளியைத் தண்ணீரில் விழவிட்டால், தலைப்பிரட்டை வடிவில் ஒரு கண்ணாடிச் சொட்டு கிடைக்கும். பதினேழாம் நூற்றாண்டில் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த இளவரசர் ரூபர்ட் பெயரால் இது ரூபர்ட் சொட்டு எனப்படுகிறது. இதன் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடைவதில்லை. ஆனால் வாலைச் சற்றே ஒடித்தால் போதும். சொட்டு முழுவதும் தூளாகச் சிதறிவிடும்!

தண்ணீரில் விழுந்ததும் சொட்டின் வெளிப்புறம் உடனே இறுகிவிடுகிறது. உட்புறம் பின்னர்க் குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கும்போது இறுகிய வெளிப்புறத்தை உள்நோக்கி இழுக்கிறது. எனவே வெளிப்புறம் அமுக்கத்திலும் உட்புறம் இழுவிசையிலும் நிலைத்துவிடுகின்றன. 2017-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, தலையின் மேற்பரப்பில் இந்த அமுக்கம் 700 மெகாபாஸ்கல் வரை இருப்பதாகக் கண்டது. இது ஒரு சதுர சென்டிமீட்டரின் மேல் ஏழு டன் எடை அழுத்துவதற்குச் சமம். வால் ஒடியும்போது பிளவு உட்புற இழுவிசைப் பகுதிக்குள் நுழைந்துவிடுகிறது; அங்கே அதைத் தடுக்க எதுவும் இல்லை.

இந்த இரண்டு குணங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மேற்பரப்பு காக்கும், அதைத் தாண்டி உள்ளே போன பிளவு அழிக்கும். கைப்பேசிக் கண்ணாடியின் கதை இவ்வளவுதான்.

வெடியுப்புக் குளியல்

கார்களின் பக்கக் கண்ணாடிகளைச் சூடாக்கி, குளிர்ந்த காற்றை வேகமாக வீசி, இதே முறையில் வலிமையாக்குகிறார்கள். ஆனால் கைப்பேசியின் மெல்லிய தகட்டுக்கு இம்முறை பொருந்தாது. அதன் வெளிப்புறமும் உட்புறமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் குளிர்ந்துவிடும். ஆகவே வேதியியலின் துணை தேவைப்பட்டது.

பொட்டாசியம் நைட்ரேட்டை அறிவீர்கள். வெடிமருந்தில் சேரும் வெடியுப்பு அது. இதை ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கி, சோடியம் கலந்த கண்ணாடித் தகட்டை அதில் மூழ்கவைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் உப்புக்குள் வெளியேறுகின்றன. அவை விட்ட இடங்களில் பொட்டாசியம் அயனிகள் புகுந்துகொள்கின்றன. சோடியம் அயனியின் ஆரம் 0.102 நானோமீட்டர், பொட்டாசியம் அயனியின் ஆரம் 0.138 நானோமீட்டர். அதாவது, புதிதாக வந்தவர் மூன்றில் ஒரு பங்கு பருமன் கூடியவர்! பேருந்தின் நீண்ட இருக்கையில் ஒல்லியானவர்கள் எழுந்து போய், அதே எண்ணிக்கையில் தடித்தவர்கள் வந்து அமர்ந்தால் என்ன ஆகும்? ஒருவரையொருவர் நெருக்குவார்கள். கண்ணாடியின் மேற்பரப்பும் அவ்வாறே நெருக்கத்துக்கு உள்ளாகிறது.

அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1962-ஆம் ஆண்டில் 'கெம்கார்' என்ற பெயரில் இத்தகைய கண்ணாடியை அறிவித்தது. ஆனால் போதிய சந்தை இல்லாததால் 1971-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2007-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனை அறிமுகம் செய்தபோதுதான் நிலைமை மாறியது. அதற்குப் பிளாஸ்டிக் முகப்பு போதாது, கண்ணாடியே வேண்டும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் விரும்பினார். கார்னிங் தன் கென்டக்கி மாநிலத் தொழிற்சாலையில் மெல்லிய வலுவூட்டிய கண்ணாடியை அவசர அவசரமாகத் தயாரித்தது. அதே ஆண்டு ஜூன் 29-இல் ஐபோன் விற்பனைக்கு வந்தது. 'கொரில்லா கிளாஸ்' என்று இன்று வழங்கும் கண்ணாடியின் வரலாறு இதுவே. தேவை வரும் வரை ஒரு கண்டுபிடிப்பு பல ஆண்டுகள் அலமாரியில் காத்திருக்கக் கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கவசத்தின் தடிப்பு எவ்வளவு?

அயனி மாற்றத்தால் கிடைக்கும் அமுக்க அடுக்கு பொதுவாகச் சில பத்து மைக்ரான் ஆழமே உள்ளது. அண்மைக் காலத்தில் லித்தியம் கலந்த கண்ணாடிகளில் அதைவிட ஆழமான அடுக்கு அமைக்கிறார்கள். எப்படியானாலும், உங்கள் கைப்பேசியின் கவசம் தலைமயிரின் தடிப்பை ஒட்டியதுதான்.

இப்போது ஒரு மணல் பரலை எண்ணிப் பாருங்கள். பெரிய பரல் 1 மில்லிமீட்டர், அதாவது 1,000 மைக்ரான் வரைகூட இருக்கும். கைப்பேசி வழவழப்பான ஓட்டுத் தரையில் தட்டையாக விழுந்தால், விசை பரவலாகத் தாங்கப்படுகிறது. கவசம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. அதே உயரத்திலிருந்து சரளைக் கற்கள் உள்ள சாலையில் விழுந்தால், முழு விசையும் ஒரு கல்லின் கூர்முனையில் குவிகிறது. அது கவசத்தைத் துளைத்து உட்புற இழுவிசைப் பகுதியைத் தொட்டுவிட்டால் போதும். ரூபர்ட் சொட்டின் வால் ஒடிந்த கதைதான்.

உற்பத்தியாளர்களும் இதை அறிவார்கள். கார்னிங் 2022-இல் வெளியிட்ட 'விக்டஸ் 2' கண்ணாடி, தார்ச் சாலை போன்ற பரப்பில் 2 மீட்டர் வீழ்ச்சியைத் தாங்கியதாகவும், அதைவிடச் சொரசொரப்பான சிமெண்டுத் தளம் போன்ற பரப்பில் 1 மீட்டர் வீழ்ச்சியைத் தாங்கியதாகவும் அந்நிறுவனம் அறிவித்தது. ஒரே கண்ணாடி, இரண்டு தளங்கள், இரண்டு உயரங்கள்! ஆகவே 'இத்தனை மீட்டர் தாங்கும்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால், 'எந்தத் தளத்தில்?' என்று கேளுங்கள்.

வீழ்ச்சியின் கணக்கு

200 கிராம் எடையுள்ள கைப்பேசி 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அதன் ஆற்றல் 0.2 × 9.8 × 1 = 1.96 ஜூல். தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு 4.4 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர், மிதிவண்டியின் வேகம். இந்த ஆற்றல் அவ்வளவும் கைப்பேசி நிற்பதற்குள் செலவாக வேண்டும். ஆற்றலை நிற்கும் தூரத்தால் வகுத்தால் சராசரி விசை கிடைக்கும்.

கடினமான தரையில் 1 மில்லிமீட்டரில் நின்றுவிடுவதாகக் கொண்டால், விசை 1.96 ÷ 0.001 = 1,960 நியூட்டன். இது 200 கிலோ எடைக்குச் சமம். இனி, 30 கிராம் எடையுள்ள ரப்பர் உறை ஒன்றைப் போடுவோம். எடை கூடியதால் ஆற்றல் 2.25 ஜூல் ஆகிறது. ஆனால் உறை நசுங்கி நிற்கும் தூரம் 4 மில்லிமீட்டர் ஆனால், விசை 563 நியூட்டன் மட்டுமே. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு!

கட்டட வேலையில் கீழிருந்து எறியும் செங்கல்லை மேலே நிற்பவர் பிடிப்பதைப் பாருங்கள். கல் கையில் பட்டதும் கையைக் கல்லோடு சற்றே நகரவிடுகிறார். மண்பானைகளை வண்டியில் ஏற்றும்போது இடையிடையே வைக்கோலைத் திணிக்கிறார்கள். எல்லாம் ஒரே தத்துவம்: நிற்கும் தூரத்தைக் கூட்டினால் விசை குறையும்.

கடினம் வேறு, உறுதி வேறு

1812-ஆம் ஆண்டில் ஃபிரடெரிக் மோஸ் கனிமங்களைக் கடினத்தன்மையின்படி 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். வைரம் 10, மணலிலுள்ள குவார்ட்ஸ் 7, கண்ணாடி 6-ஐ ஒட்டியது, பித்தளை 3-ஐ ஒட்டியது. எண் கூடியது குறைந்ததைக் கீறும். எனவே பையிலுள்ள பித்தளைச் சாவி கைப்பேசிக் கண்ணாடியைக் கீறுவதில்லை. சாவியோடு ஒட்டிவந்த மணல் கீறுகிறது. கடற்கரைக்குப் போய்வந்த பையில் கைப்பேசியைப் போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் விற்கும் பாதுகாப்புக் கண்ணாடியின் மேல் '9 எச்' என்று அச்சிட்டிருக்கும். இது மோஸ் அளவில் 9 என்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. ஓவியம் வரையும் பென்சில்களின் கடினத்தைக் குறிக்கும் அளவு அது. 9 எச் பென்சில் அதைக் கீறவில்லை என்பதே பொருள். மணல் அதைத் தாராளமாகக் கீறும். மேலும், கீறலைத் தாங்குவதும் அடியைத் தாங்குவதும் வெவ்வேறு குணங்கள். எல்லாவற்றையும் கீறும் வைரத்தையே சுத்தியலால் அடித்து உடைத்துவிடலாம்.

நாம் செய்யக்கூடியவை

இதுவரை கண்டவற்றிலிருந்து சில வழிகள் தாமாகவே பெறப்படுகின்றன.

உறையில் இரண்டு குணங்களைப் பாருங்கள். நான்கு மூலைகளும் தடித்து, மெத்தென்று இருக்க வேண்டும். விளிம்பு கண்ணாடியைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். கைப்பேசியைச் சுத்தமான மேசையில் கவிழ்த்து வைத்து, விளிம்போரம் கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். கண்ணாடிக்கும் மேசைக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் நல்லது.

பாதுகாப்புக் கண்ணாடியை ஒட்டுங்கள். அது விழும் ஆற்றலில் பெரும்பகுதியை விழுங்கிவிடாது. ஆனால் அன்றாடக் கீறல்களைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. கீறல் குறைந்தால், விரிசல் தொடங்கும் இடங்களும் குறைகின்றன. அது உடைந்ததும் மாற்றிவிடுங்கள்.

முகப்பில் மண் படிந்திருந்தால் சட்டை நுனியால் தேய்க்காதீர்கள். முதலில் ஊதி அகற்றி, பிறகு மென்மையான துணியால் துடையுங்கள். கால்சட்டையின் பின்பையில் வைத்து உட்காராதீர்கள். வளையும் தகட்டின் புறவளைவான பக்கம் இழுவிசைக்கு உள்ளாகிறது.

விரிசல் விழுந்துவிட்டதா? அதை அலட்சியப்படுத்தாதீர்கள். காற்றிலுள்ள ஈரம் விரிசலின் நுனியிலுள்ள பிணைப்புகளைத் தாக்கி மெல்ல மெல்ல அறுக்கும். நேற்றுச் சிறிதாக இருந்த விரிசல் இன்று நீண்டிருப்பது இதனால்தான். கண்ணாடித் துகள் விரலிலோ கன்னத்திலோ குத்தாமல் இருக்க ஒட்டுநாடா ஒட்டி, விரைவில் பழுதுபார்க்கக் கொடுங்கள். விழுந்த பின் கைப்பேசியின் பின்புறம் உப்பினால், மின்கலம் பழுதாகியிருக்கலாம். அதைச் சார்ஜ் செய்யாமல், உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

இறுதியாக ஒன்று. "பத்து முறை விழுந்தும் இதற்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பத்து வீழ்ச்சிகளும் கண்ணுக்குத் தெரியாத பத்துப் பிளவுகளை விட்டுச் சென்றிருக்கலாம். பதினோராவது முறை முழங்கால் உயரத்திலிருந்து விழுந்தாலும் அது உடையக்கூடும். கண்ணாடி தன் காயங்களை மறப்பதில்லை. நம் உடலைப் போல அவற்றை ஆற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது.

செய்து பாருங்கள்

1. ஒரே அளவில் இரண்டு தாள் பட்டைகள் வெட்டுங்கள். ஒன்றின் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் வெட்டு இடுங்கள். இரண்டையும் முனைகளில் பிடித்து இழுத்து, எது முதலில், எந்த இடத்தில் கிழிகிறது என்று குறியுங்கள்.

2. வெட்டு இட்ட இன்னொரு பட்டையில், வெட்டின் நுனியில் தாள் துளைக்கும் கருவியால் வட்டத் துளை இட்டு இழுத்துப் பாருங்கள். துளை பெரிதாக இருந்தும், கிழிவதற்கு முன்னைவிட அதிக விசை தேவைப்படுகிறதா? இங்கிலிஸின் கணக்கைக் கொண்டு காரணம் கூறுங்கள்.

3. 180 கிராம் எடையுள்ள கைப்பேசி சட்டைப்பையிலிருந்து, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து, விழுகிறது. அது 5 சென்டிமீட்டர் அமுங்கும் மெத்தையில் விழுந்தால் சராசரி விசை எவ்வளவு? 1 மில்லிமீட்டரில் நிற்கும் தரையில் விழுந்தால் எவ்வளவு? கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.